'வீட்டுக்காரர்தான் செய்யவேணும்' என்று கம்பனி சொன்னால்

கேள்வி: நாங்கள் தஞ்சம் கோரி 95ஆம் பிரிவு உதவியில் (அரசு தரும் வீடும் பணமும்) வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரில் இருக்கிறோம். நான், கணவர், மூன்று வயது மகன் எல்லோரும் ஒரே அறையில். சமையலறையும் குளியலறையும் கீழே இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு பொது. அவர்களும் மூன்று பேர். அறையின் வெளிச்சுவர் மூலை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பொயிலர் ஒருநாள் வேலை செய்தால் இரண்டு நாள் நின்றுவிடும். மகனுக்கு இழுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹவுசிங் ஒபிசரிடம் மூன்று தரம் சொன்னேன். 'வீட்டுக்காரர்தான் செய்யவேணும்' என்கிறார். மைக்ரன்ட் ஹெல்ப்புக்கு அடித்தால் 'உங்கள் முறைப்பாடு மூடப்பட்டுவிட்டது' என்கிறார்கள். வீட்டை நடத்துவது தனியார் கம்பனி என்பதால் அரசாங்கத்திடம் கேட்க முடியாதா? கூடக் கதைத்தால் எங்கள் கேஸைப் பாதிக்குமா? வேறு வீடு கேட்கலாமா? கணவர், லண்டனில் உள்ள ஒன்றுவிட்ட தமையன் வீட்டில் கொஞ்ச நாள் நிற்போம் என்கிறார். அதுவரை நாங்களே பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். வீட்டைப் பற்றி முறைப்பாடு செய்வது தஞ்சக் கோரிக்கையைப் பாதிக்காது. கோரிக்கையைத் தீர்மானிப்பவர் பார்ப்பது நாடு திரும்பினால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை. பொயிலர் பற்றி நீங்கள் எத்தனை தரம் தொலைபேசி எடுத்தீர்கள் என்பது அந்தத் தீர்மானத்துக்குள் வராது. 'வாயை மூடிக்கொண்டு இருந்தால் கேஸ் வெல்லும்' என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி இருந்தவர்களின் வீடுகளில் பூஞ்சணம் வளர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இனி, பொறுப்பு யாருடையது என்பது. 1999ஆம் ஆண்டின் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின்படி, கையில் வழியில்லாத தஞ்சக் கோரிக்கையாளருக்குப் போதுமான இருப்பிடம் தரவேண்டியவர் உள்துறைச் செயலாளர். 2012இல் கொம்பஸ் என்ற ஒப்பந்தங்கள் மூலம் அந்த வேலை முழுதாகத் தனியாரிடம் போனது. 2019 செப்டெம்பரில் இப்போதைய ஒப்பந்தங்கள் தொடங்கின. அவை 2029 வரையானவை. வேல்ஸும் இங்கிலாந்தின் தெற்கும் கிளியர்ஸ்பிரிங்ஸிடம், வடமேற்கும் மிட்லண்ட்ஸும் கிழக்கும் சேர்கோவிடம், வடகிழக்கு, யோர்க்ஷயர், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவை மியர்ஸிடம். முறைப்பாடு கேட்கிற வேலை தனி ஒப்பந்தத்தில் மைக்ரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்திடம் இருக்கிறது. இப்படி வேலை கைமாறியதே தவிர, சட்டக் கடமை கைமாறவில்லை.

இதை இரண்டு தீர்ப்புகள் இரண்டு பக்கத்திலிருந்து சொல்கின்றன. கிளாஸ்கோவில் சேர்கோ, நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றி ஆட்களை வெளியேற்றப் போன வழக்கில், 2019 நவம்பரில் ஸ்கொட்லாந்தின் மேல்நீதிமன்றம், மனித உரிமைச் சட்டத்தின் பார்வையில் சேர்கோ ஒரு பொது அதிகாரசபை அல்ல, பொறுப்பு உள்துறைச் செயலாளரிடமே இருக்கிறது என்றது. அகதிகளுக்குக் கசப்பான தீர்ப்புத்தான். ஆனால் கடமையை எந்த வாசலில் தேடவேண்டும் என்பதை அது காட்டிவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம், டீஎம்ஏ என்ற எழுத்துகளால் அறியப்படும் வழக்கில், இருப்பிடம் தருவதைக் கம்பனிகளிடம் விட்டுவிட்டு அவை செய்கின்றனவா என்று ஒழுங்காகக் கண்காணிக்காதது உள்துறையின் சட்டமீறல் என்றது. அந்த வழக்குப் போட்டவர்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு 4ஆம் பிரிவு உதவிக்கு உரித்தானவர்கள். ஆனாலும் 'கம்பனிதான் செய்யவில்லை' என்று அரசு கைகழுவ முடியாது என்ற தர்க்கம் உங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே 'வீட்டுக்காரர்தான் செய்யவேணும்' என்ற வசனத்தோடு நீங்கள் மல்லுக்கட்டத் தேவையில்லை. அது பெரும்பாலும் உண்மையும் அல்ல. இந்தக் கம்பனிகள் வீட்டுச் சொந்தக்காரர்களிடம் பல வருடக் குத்தகைக்கு எடுக்கும்போது, மாதாமாதம் உறுதியான வாடகையோடு பராமரிப்பும் திருத்த வேலையும் தங்கள் பொறுப்பு என்று சொல்லியே வீடு பிடிக்கின்றன. உள்துறைக்குக் கீழே கம்பனி, கம்பனிக்குக் கீழே சில இடங்களில் துணை ஒப்பந்தக்காரர், அதற்குக் கீழே சொந்தக்காரர், கடைசியில் பைப் திருத்த வருகிற ஆள். ஒவ்வொரு படியிலும் ஒரு திருத்தச் செலவு யாரோ ஒருவருடைய லாபத்திலிருந்து போகிறது. வேலை கீழ்நோக்கித் தள்ளப்படுவதற்குக் காரணம் அதுதான். பத்து வருடத்துக்கு 450 கோடிப் பவுண் என்று போட்ட மதிப்பீடு 1,530 கோடி வரை போகும் என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 மே மாதம் சொன்னது. முதல் ஐந்து வருடத்தில் மூன்று கம்பனிகளும் காட்டிய லாபம் 38.3 கோடிப் பவுண். பணம் இல்லாமல் உங்கள் பொயிலர் நிற்கவில்லை.

நீங்கள் செய்த முயற்சியில் ஓட்டை எங்கே என்றால், ஹவுசிங் ஒபிசரிடம் வாயால் சொன்னதில். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பழுதுக்கும் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஒரு கெடு உண்டு: மணிக்கணக்கில், நாட்கணக்கில், வாரக்கணக்கில். கெடு தவறினால் கம்பனிக்குப் புள்ளி குறையும், கட்டணத்தில் வெட்டு விழலாம். ஆனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது பழுது பதிவாகிய நேரத்திலிருந்து. அவர் மாதம் ஒருமுறை வீடு பார்க்க வரும்போது தலையாட்டிவிட்டுப் போனால் கடிகாரம் ஓடவில்லை. மூன்று தரம் சொல்லியும் ஒப்பந்தக் கணக்கில் உங்கள் வீட்டில் பழுதே இல்லை என்று இருக்கக்கூடும்.

மைக்ரன்ட் ஹெல்ப்பின் இலவச எண் 0808 8010 503, இருபத்துநாலு மணி நேரமும். காத்திருக்க வேண்டிவரும், அவர்களுடைய இணையத்தளத்தில் எழுத்திலும் அனுப்பலாம். எழுத்து நல்லது, ஏனென்றால் நகல் உங்களிடம் இருக்கும். தொலைபேசியில் என்றால் முதல் வசனமே 'டமில் இன்டர்பிரிட்டர் பிளீஸ்' என்று இருக்கட்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னால் 'சுவரில் கறை' என்று பதிவாகிவிடும்.

பொயிலரையும் பூஞ்சணத்தையும் ஒரே முறைப்பாடாகச் சொல்லாதீர்கள். இரண்டு பழுது, இரண்டு பதிவு இலக்கம். ஒன்றாகச் சொன்னால் பொயிலரைத் தட்டிக்கொட்டிவிட்டு முழுவதையும் மூடிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எப்போது தொடங்கியது, அறையில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, இழுப்புக்கு எந்தத் திகதிகளில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: 'இதை எந்த வகையில் பதிந்தீர்கள்? எத்தனையாம் திகதிக்குள் செய்யவேண்டும்?' பதிலையும் இலக்கத்தையும் கதைத்தவரின் பெயரையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 'குழந்தையின் சுவாசம்' என்ற சொல் பதிவில் இருக்கிறதா என்று திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். வெப்பமில்லாத அறையில் நோயாளிக் குழந்தை இருக்கிறது என்பது அவசர வகையைத் தீர்மானிக்கும் செய்தி.

பழுதை அறிவிப்பது ஒன்று, முறைப்பாடு செய்வது இன்னொன்று. பழுதைப் பதிந்து, கெடு தாண்டியபின், அந்த இலக்கத்தைச் சொல்லி, 'இதைச் செய்யவில்லை என்று முறைப்பாடு பதியுங்கள்' என்று கேட்கவேண்டும். எடுத்த எடுப்பில் முறைப்பாடு என்றால் அது பழுது அறிவிப்பாக மாறி முதலிலிருந்து தொடங்கும்.

'மூடப்பட்டது' என்று வருவதற்குப் பொதுவாக இரண்டு காரணம். ஒன்று, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதையே வேலை முடிந்ததாகப் பதிவது. மற்றது, 'வந்தோம், கதவு திறக்கவில்லை' என்ற பதிவு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) போயிருந்த நேரம் யாரோ மணி அடித்திருந்தால் அதுவே போதும். அதனால் வருகிற நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். வந்தவர் நீட்டுகிற தாளில் அல்லது போனில் கையெழுத்துப் போடுமுன் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வேலை முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று எழுதாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். மூடியிருந்தால் 'ஏன் மூடினார்கள் என்ற குறிப்பை வாசியுங்கள்' என்று கேட்டு, பழைய இலக்கத்தைச் சேர்த்துப் புதிதாகப் பதியுங்கள்.

பொயிலர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், பொயிலரைச் சுற்றிக் கரி படிந்தால், வீட்டுக்குள் இருக்கும்போது தலையிடி வந்து வெளியே போனால் குறைந்தால், அது கார்பன் மொனொக்சைட்டாக இருக்கலாம். யன்னலைத் திறந்து, பொயிலரை நிறுத்தி, எல்லோரும் வெளியே போய், 0800 111 999க்கு அடியுங்கள். கம்பனியின் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. காஸ் சாதனங்களை வருடம் ஒருமுறை பதிவுபெற்ற ஒருவர் சோதிப்பது சட்டக் கட்டாயம். அந்தச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். அது பழையதாக இருந்தால் உங்கள் முறைப்பாட்டுக்குப் பலம் சேரும்.

இனிப் பூஞ்சணம். கம்பனியின் ஆள் வந்ததும் சொல்லப்போவது எனக்கு இப்போதே தெரியும்: 'நீங்கள் சமைக்கிறீர்கள், அறைக்குள் உடுப்புக் காயப்போடுகிறீர்கள், யன்னல் திறப்பதில்லை.' நம் ஆட்களிடம் இதைச் சொல்வது இன்னும் சுலபம், கறி வாசனை சாட்சி சொல்லும். சுவரைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகுங்கள். வெளிச்சுவர் மூலையிலும் யன்னல் ஓரத்திலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் அது குளிர்ந்த சுவரில் நீராவி படிவதால் வருவது. மழை பெய்த அடுத்த நாள் பெரிதாகும் மண்ணிறத் திட்டு என்றால் பீலியோ கூரையோ வெளிச்சுவர்ப் பூச்சோ ஒழுகுகிறது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை ஏறி, மேலே கோடு போட்டதுபோல் நின்று, வெள்ளை உப்புப் பூத்திருந்தால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. அது கீழ்வீட்டில்தான் இருக்கும். பின்னைய இரண்டுக்கும் உங்கள் சமையலுக்கும் சம்பந்தமே இல்லை. முதலாவதற்கும், ஹீட்டிங் இயங்காத அறையில், நீராவியை இழுக்கும் ஃபேன் இல்லாத சமையலறையில், மூன்று பேரை ஒரே அறையில் வைத்துவிட்டு, குடியிருப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது. இதை முறைப்பாட்டில் ஒரே வசனமாக எழுதுங்கள்: 'ஹீட்டிங் இத்தனை நாள் வேலை செய்யவில்லை; சமையலறையில் ஃபேன் இல்லை.' ஹீட்டிங் நின்ற நாட்களைக் கலண்டரில் புள்ளியிட்டுப் படம் எடுத்து இணையுங்கள்.

படம் எடுக்கும்போது அறை முழுவதும் தெரிய ஒன்று, மூலை மட்டும் ஒன்று, பக்கத்தில் அடிமட்டம் பிடித்து ஒன்று. கிழமைக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுங்கள். இதனால்தான் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்கிறேன். ஈரச் சுவரில் பெயின்ட் சில வாரத்தில் உரியும், பூஞ்சணம் திரும்ப வரும். அதற்கிடையில் வருகிற பரிசோதகர் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். படம் எடுத்தபின் துடைப்பது பரவாயில்லை. மகன் அறைக்கு வெளியே இருக்கும்போது செய்யுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

ஜீபியிடம் கடிதம் வாங்கும்போது 'வேறு வீடு தேவை' என்று எழுதித் தரும்படி கேட்காதீர்கள். அப்படி வரும் கடிதங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. நோயின் பெயர், எத்தனை முறை அவசர சிகிச்சை, பூஞ்சணமும் குளிரும் இதை மோசமாக்குகின்றனவா, இப்படியே தொடர்ந்தால் என்ன ஆபத்து, எவ்வளவு விரைவில் மாறவேண்டும் என்ற ஐந்தையும் அவர் எழுதினால் அது ஆவணம். ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் தாள்களையும் சேருங்கள்.

பலரும் தட்டாத கதவு ஒன்று இருக்கிறது: உங்கள் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு. 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் முதலாம் பகுதி, யார் வாடகை கொடுத்தாலும், குடியிருக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின்கீழ் ஆபத்துகளை மதிப்பிடும் முறையில், ஈரம், பூஞ்சணத்துக்குப் பாதிப்பு அதிகமானவர்கள் என்று வைத்திருப்பது 14 வயதும் அதற்குக் குறைந்தவர்களையும். முதலாம் வகை, அதாவது மிகக் கடுமையான ஆபத்து என்று பரிசோதகர் கண்டால் நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் விருப்பமல்ல, கடமை. தொலைபேசியை எடுப்பவர் 'தஞ்சக்காரர் வீடு ஹோம் ஒபிஸ் விஷயம்' என்று சொல்லக்கூடும். 'முதலாம் பகுதியில் தஞ்சக் கோரிக்கையாளர் வீட்டுக்கு விதிவிலக்கு எங்கே இருக்கிறது?' என்று பணிவாகக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், ஆறு பேர், பொதுச் சமையலறை. இங்கிலாந்தில் இரண்டு அல்லது கூடிய குடும்பங்களாக ஐந்து பேரோ அதற்கு மேலோ இப்படிப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு எச்எம்ஓ லைசன்ஸ் கட்டாயம். தஞ்சக் கோரிக்கையாளர் வீடுகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்க அரசு 2023இல் ஒரு விதிவரைவு கொண்டுவந்து, பின்னர் கைவிட்டது. லைசன்ஸ் பெற்ற வீடுகளின் பதிவேட்டைக் கவுன்சில் எவருக்கும் காட்டவேண்டும். உங்கள் முகவரி அதில் இருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு தகவலே பரிசோதகரை வீட்டுக்குக் கொண்டுவரும். ஈரம், பூஞ்சணத்தைக் கெடுவுக்குள் திருத்தச் சொல்லும் அவாப் சட்டம் அண்மையில் செய்தியில் அடிபட்டது; அதைக் காட்டி வாதிட வேண்டாம். 2025 ஒக்டோபர் 27இலிருந்து அமுலுக்கு வந்த அது சமூக வீடமைப்பில் உள்ள வாடகைக்காரருக்கானது, உங்கள் வீட்டுக்கு வராது.

இவ்வளவும் செய்தும் அசையாவிட்டால், முறைப்பாட்டை உள்துறைக்கு மேலேற்றும்படி மைக்ரன்ட் ஹெல்ப்பிடம் கேளுங்கள். அதே நாளில் உங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுங்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் அவர் உங்கள் எம்பிதான். ஒரு பக்கம் போதும்: இலக்கங்கள், திகதிகள், இரண்டு படம், ஜீபி கடிதம். உள்துறையின் இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால் அரசுத் துறைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் பாராளுமன்ற ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்கு எம்பியின் கையெழுத்து வேண்டும், பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும்.

குழந்தையின் உடல்நிலை மோசமாகிறது என்றால் இந்தப் படிகளுக்குக் காத்திராமல், வீடமைப்பு அல்லது பொதுச்சட்டப் பிரிவில் லீகல் எய்ட் (அரசு செலவில் சட்ட உதவி) எடுக்கும் சொலிசிட்டரைப் பாருங்கள். உங்கள் தஞ்ச வழக்கைச் செய்பவர் இதைச் செய்யாமல் இருக்கலாம், அவரிடம் பெயர் கேளுங்கள். அவர் நீதிமன்றம் போவதற்கு முன்னறிவித்தல் கடிதம் ஒன்று அனுப்புவார். அது கம்பனிக்கு அல்ல, உள்துறைச் செயலாளருக்கு. வழக்குத் தாக்கலாகும் முன்பே வேலை நடப்பது அந்தக் கட்டத்தில் அபூர்வமல்ல. நீதித்துறை மீளாய்வு எனப்படும் இந்த வகை வழக்குக்கு மூன்று மாத எல்லை உண்டு; கடைசி நாள்வரை இழுக்கவும் கூடாது. வீடு மோசம் என்பதற்காகத் தஞ்ச உதவித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. உள்துறை உதவியை மறுத்தால் அல்லது நிறுத்தினால் மட்டும் அங்கே போகலாம், கடிதம் கிடைத்து மூன்று நாளுக்குள். அப்படி ஒன்று வந்தால் அசைலம் சப்போர்ட் அப்பீல்ஸ் புரொஜெக்ட் என்ற அமைப்பு இலவசமாக வாதாட முன்வரும்.

வேறு வீடு கேட்பது பற்றி நான் கொஞ்சம் தயங்குகிறேன். கேட்கலாம், மருத்துவக் காரணத்தோடு. ஆனால் எங்கே என்பது உங்கள் கையில் இல்லை. 'உடனே எங்களை எடுங்கள்' என்றால் வேறு நகரத்து ஹோட்டல் அறை வரலாம். அங்கே சாப்பாடு தருவதால் இப்போது ஒருவருக்குக் கிழமைக்கு 49.18 பவுணாக வருகிற பணம் 9.95க்கு இறங்கும், மகனின் வைத்தியரும் மாறுவார். வந்த இடத்தை மறுத்தால் உதவியே நிற்கும் ஆபத்தும் உண்டு. முதலில் திருத்தத்தைக் கேளுங்கள். இடமாற்றம் கேட்பதானால் 'இதே பகுதிக்குள், இந்த ஆஸ்பத்திரியின் எல்லைக்குள், சமைக்கக்கூடிய வீடு' என்று ஜீபி கடிதத்தின் ஆதாரத்தோடு குறிப்பாகக் கேளுங்கள்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். லண்டனில் இரண்டு மூன்று இரவு நின்று வருவதில் பிழையில்லை. ஆனால் அனுமதியில்லாமல் தொடர்ந்து ஏழு இரவு-பகலுக்கு மேல், அல்லது ஆறு மாதத்தில் மொத்தம் பதினாலுக்கு மேல், கொடுத்த முகவரியில் இல்லாவிட்டால் உதவியை நிறுத்த விதி இடம்கொடுக்கிறது. ஹவுசிங் ஒபிசர் வந்து ஆளில்லை என்று பதிந்துவிட்டுப் போவார். 'வீடு பழுதாக இருந்ததால் போனோம்' என்பது தானாக மன்னிப்பாகாது. அண்ணர் நிரந்தரமாக வைத்துக்கொள்வார் என்றால், வீட்டை விட்டுவிட்டுப் பணம் மட்டும் பெறும் உதவிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அதற்கு அவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். அவருடைய வாடகை ஒப்பந்தம் இன்னும் மூன்று பேரைத் தாங்குமா என்று அவர் முதலில் பார்க்கட்டும். பிறகு அங்கே சரிவராமல் திரும்ப வீடு கேட்டால், எங்கே போடுகிறார்களோ அங்கேதான்.

இன்றைக்குச் செய்யவேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு இலக்கம். கீழ்வீட்டுக் குடும்பத்தையும் தங்கள் பெயரில் தனியாகப் பதியச் சொல்லுங்கள். பொயிலர் அவர்களுக்கும் ஒன்றுதான், ஒரே முகவரியிலிருந்து இரண்டு குடும்பம் பதிந்ததை 'கதவு திறக்கவில்லை' என்று மூடுவது கடினம்.